பலூனில் ஏறிப் பனிக்கண்டத்தைக் கேட்பது: அதியுயர் ஆற்றல் நியூட்ரினோத் தேடல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்டிகாவின் மேல் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பலூன் மிதக்கிறது. அதிலிருந்து தொங்கும் ஆன்டெனாக்கள் கீழேயுள்ள பனியை நோக்கித் திரும்பியிருக்கின்றன. மின்னூட்டமற்ற, எதனோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் அந்தப் பனியில் மோதும்போது எழும், ஒரு நானோ வினாடி (வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) நேரமே நீடிக்கும் ரேடியோத் துடிப்பு ஒன்றுக்காக அவை வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. இந்த முயற்சியைப் பற்றிக் கேள்விப்படுவோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

‘அதியுயர் ஆற்றல்’ என்றால் எவ்வளவு ஆற்றல்?

இந்தத் துறையில் பொதுவாக 10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள ஆற்றலையே இச்சொல் குறிக்கிறது. ஜூலில் சொன்னால் இது 0.16 தான், 16 கிராம் எடையுள்ள ஒரு பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த அளவு முழுவதும் ஒற்றைத் துகளுக்குள் அடங்கியிருக்கிறது என்பதே வியப்பு. ஒப்பிட்டுப் பார்க்க, மனிதர் கட்டிய துகள் முடுக்கிகளுள் மிக வலிமையான, ஜெனிவா அருகிலுள்ள பெரிய ஹேட்ரான் மோதுவியில் ஒரு புரோட்டான் பெறும் ஆற்றல் ஏறத்தாழ 6.8 × 10¹² எலெக்ட்ரான் வோல்ட். தேடப்படும் நியூட்ரினோக்களின் ஆற்றல் அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

இத்தகைய நியூட்ரினோக்கள் இருக்கின்றன என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அதே அளவு ஆற்றலுடைய காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்களும் கனமான அணுக்கருக்களும், பூமியை வந்தடைவதை நாம் நேரடியாகக் கண்டிருக்கிறோம். 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த ‘ஃப்ளைஸ் ஐ’ உணர்கருவி பதிவு செய்த ஒரு துகளின் ஆற்றல் ஏறத்தாழ 3.2 × 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட். இவை எங்கே, எந்தப் பொறியமைப்பால் முடுக்கப்படுகின்றன என்பது இன்றும் தீராத கேள்வி.

அண்டம் முழுவதையும் நிறைத்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 1965-இல் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் ஃபோட்டான்கள் நானூறுக்குச் சற்று மேல் இருக்கின்றன. மறு ஆண்டே அமெரிக்காவில் கிரெய்சனும் சோவியத் ஒன்றியத்தில் சாட்செப்பினும் குஸ்மினும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஏறத்தாழ 5 × 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய புரோட்டான் நெடுந்தொலைவு பயணம் செய்தால், இந்தக் குளிர்ந்த ஃபோட்டான்களுடன் மோதிப் பையான் என்னும் துகளை உண்டாக்கி ஆற்றலை இழந்துவிடும். அந்தப் பையான் சிதையும்போது நியூட்ரினோக்கள் பிறக்கும் என்பதை 1969-இல் பெரெசின்ஸ்கியும் சாட்செப்பினும் எடுத்துக்காட்டினர். ஆக, புரோட்டான்கள் அந்த ஆற்றலில் இருக்குமானால் இந்த நியூட்ரினோக்களும் இருந்தாக வேண்டும். எத்தனை என்பதுதான் கேள்வி. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

காஸ்மிக் கதிர்களே நேரில் கிடைக்கும்போது நியூட்ரினோ எதற்கு?

காஸ்மிக் கதிருக்கு மின்னூட்டம் உண்டு. ஆகவே வழியிலுள்ள காந்தப்புலங்கள் அதை வளைத்துவிடும். வந்த திசையைப் பின்னோக்கித் தொடர்ந்தாலும் பிறந்த இடத்தைச் சேர முடியாது. தவிர, மேற்சொன்ன மோதல்களால் மிக உயர்ந்த ஆற்றலுடையவை சில நூறு மில்லியன் ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து நம்மை எட்டுவது அரிது. உயர் ஆற்றல் காமா கதிர்களும் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. நியூட்ரினோ வளைவதுமில்லை, வழியில் நிற்பதுமில்லை. அண்டத்தின் மிகத் தொலைவான முடுக்கிகளிலிருந்து அந்த ஆற்றலோடு நேர்கோட்டில் வந்து சேரக்கூடிய தூதன் அது ஒன்றே.

இன்னொரு பயனும் உண்டு. இத்தகைய நியூட்ரினோ பனியில் உள்ள ஓர் அணுக்கருவை மோதும்போது, எந்த ஆய்வகத்திலும் இதுவரை எட்டப்படாத ஆற்றலில் நியூட்ரினோவின் வினைபுரியும் தன்மையை அளக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

தென்துருவத்தில் ஐஸ்கியூப் இருக்கிறதே, அது போதாதா?

ஐஸ்கியூப் என்னும் நியூட்ரினோ உணர்கருவி, ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 86 கம்பிவடங்களில் 5,160 ஒளி உணரிகளைப் புதைத்து, 2010 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. பூமிக்கு வெளியிலிருந்து வரும் 10¹⁵ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான நியூட்ரினோக்களை 2013-இல் உலகுக்கு அறிவித்தது அதுவே. அந்த ஆற்றல் எல்லைக்கு அது மிகப் பொருத்தமான கருவி.

ஆனால் ஆற்றல் ஏற ஏற நியூட்ரினோக்களின் எண்ணிக்கை செங்குத்தாகக் குறைகிறது. 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட் காஸ்மிக் கதிர்கூட ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு நூற்றாண்டில் ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. நியூட்ரினோவோ வந்தாலும் பெரும்பாலும் எதையும் தொடாமல் கடந்துவிடும். ஒரு கன கிலோமீட்டர் இதற்குப் போதாது. நூற்றுக்கணக்கில், முடிந்தால் ஆயிரக்கணக்கில் கன கிலோமீட்டர்கள் வேண்டும். பனியில் ஒளி நூறு மீட்டர் அளவில் மங்கிவிடுவதால், ஐஸ்கியூபில் கம்பிவடங்களை 125 மீட்டர் இடைவெளியில் இறக்க நேர்ந்தது. அதே அடர்த்தியில் ஆயிரம் மடங்கு பெரிய கருவி ஒன்றைத் துளையிட்டுப் புதைப்பது நடைமுறையில் இயலாத காரியம். குளிர்ந்த பனியில் ரேடியோ அலையோ ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்த பிறகே குறிப்பிடத்தக்க அளவில் வலுவிழக்கிறது. மொத்த முயற்சியும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோ எப்படி ரேடியோ அலையை உண்டாக்கும்?

நியூட்ரினோ உண்டாக்குவதில்லை, அது மோதியபின் எழும் துகள் பொழிவே உண்டாக்குகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இத்துறையின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நியூட்ரினோ ஓர் அணுக்கருவில் மோதும்போது, சராசரியாக அதன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அணுக்கருவைச் சிதறடிப்பதில் செல்கிறது. அங்கிருந்து புதிய துகள்கள், அவற்றிலிருந்து மேலும் துகள்கள் என்று எண்ணிக்கை பெருகிப் பெருகி, பத்து மீட்டர் அளவு நீளமும் பத்து சென்டிமீட்டர் அளவு குறுக்களவும் கொண்ட ஒரு பொழிவு பனிக்குள் பாய்கிறது. அதில் எலெக்ட்ரான்களும், அவற்றின் நேர்மின்னூட்ட இணைகளான பாசிட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருந்தால் அவற்றின் மின்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. நெடுநாள் அப்படித்தான் நினைக்கப்பட்டது.

1962-இல் சோவியத் ஒன்றியத்தின் ஆர்மீனிய இயற்பியலாளர் குர்கன் அஸ்கார்யான் அந்தச் சமநிலை நிலைக்காது என்பதைக் கண்டார். பொழிவு போகும் வழியில் பனியின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்களைத் தட்டித் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதே நேரத்தில் பொழிவிலுள்ள பாசிட்ரான்கள் வழியிலுள்ள எலெக்ட்ரான்களோடு சேர்ந்து அழிந்துபோகின்றன. வரவில் எலெக்ட்ரான் கூடுகிறது, செலவில் பாசிட்ரான் குறைகிறது. இறுதியில் எதிர்மின்னூட்டம் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்துவிடுகிறது. 10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட் பொழிவு உச்சத்தில் நூறு கோடி அளவிலான துகள்களைக் கொண்டிருக்கும் என்பதால், கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களின் நிகர மின்னூட்டம் ஒரே கட்டியாக, பனியில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாகப் பாய்கிறது என்று பொருள்.

ஓர் ஊடகத்தில் ஒளியை முந்திச் செல்லும் மின்னூட்டம் செரன்கோவ் கதிர்வீச்சை வெளியிடும். கட்டியின் குறுக்களவைவிட நீண்ட அலைநீளங்களுக்கு, அதாவது ரேடியோ அலைகளுக்கு, அந்தக் கட்டி முழுவதும் ஒரே புள்ளியைப் போல நடந்துகொள்கிறது. ஒவ்வொரு எலெக்ட்ரானின் அலையும் மற்றவற்றின் அலையோடு முகடு முகட்டோடும் அகடு அகட்டோடும் சேர்வதால், மொத்தத் திறன் துகள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக அன்றி, எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக வளர்கிறது. ஆற்றல் பத்து மடங்கு கூடினால் ரேடியோத் திறன் நூறு மடங்கு கூடும். இக்காரணத்தால் குறைந்த ஆற்றலில் ஒளியே மேலானதாக இருக்க, மிக உயர்ந்த ஆற்றலில் ரேடியோ அதை விஞ்சிவிடுகிறது.

இது வெறும் கோட்பாடா, அல்லது எவரேனும் சோதித்தார்களா?

சோதித்தார்கள். கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் நேர்முடுக்கி மையத்தில், மணல் நிரப்பிய பெட்டிக்குள் துகள் கற்றையைச் செலுத்தி அஸ்கார்யான் விளைவை முதன்முதலாக நேரில் அளந்தனர். அந்த முடிவு 2001-இல் வெளியானது. பின்னர் பாறை உப்பிலும் அது உறுதியானது. 2006-இல் அதே மையத்தில் ஏழரை டன் பனிக்கட்டியை அடுக்கி, அதனுள் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அண்டார்டிகாவுக்குப் போகவிருந்த பலூன் கருவியையே எதிரில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். பறக்கப்போகும் கருவி தேடப்போகும் குறிகையை முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிட்டுப் புறப்பட்டது என்பது இந்த முயற்சியின் நம்பகத்தன்மைக்கு மிகப் பெரிய பலம் என்று நான் கருதுகிறேன்.

ஏன் அண்டார்டிகா?

தூய்மையான, மிகக் குளிர்ந்த பனி அங்கே சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமனில் கிடக்கிறது. திரவ நீரும் பனியில் கலந்த உப்பும் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். உறைந்த தூய பனி அப்படிச் செய்வதில்லை. மனிதர் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் உலகிலேயே மிகக் குறைவாக உள்ள கண்டமும் அதுவே.

அந்த ஆன்டெனாக்களைத் தரையில் வைக்காமல் பலூனில் ஏற்றுவது ஏன்?

பார்வைப் பரப்புக்காக. 37 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 690 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சுற்றிலும் அவ்வளவு தொலைவு தெரிந்தால் கண்ணில் படும் பரப்பு ஏறத்தாழ 15 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் மேற்புறப் பனியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தைக் கணக்கில் கொண்டாலும், ஒரே கருவி பத்து லட்சம் கன கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனியைக் கண்காணிக்கிறது.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. செரன்கோவ் கதிர்வீச்சு எல்லாத் திசைகளிலும் பரவாது. பனியில் அது துகளின் பாதையோடு ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில் ஒரு கூம்பின் பரப்பை ஒட்டியே செல்லும். அந்தக் கூம்பு பலூனை நோக்கித் திரும்பியிருந்தால்தான் துடிப்பு கேட்கும். மேலும், இந்த ஆற்றலில் நியூட்ரினோ சில நூறு கிலோமீட்டர் பாறையைக் கடப்பதற்குள் மோதிவிடும். பூமியின் நடுவை ஊடுருவி வருவன எல்லாம் வழியில் நின்றுவிடுவதால், ஏறத்தாழக் கிடைமட்டமாகத் தரையை உரசிக்கொண்டு வருபவை மட்டுமே எஞ்சும். பார்க்கும் பனி மிகப் பெரிது; அதில் பயன்படும் திசைகளோ மிகக் குறைவு.

இங்கே ஒரு சிறு தற்செயலையும் குறிப்பிட வேண்டும். பனியின் ஒளிவிலகல் எண் 1.78, அதற்கான மாறுநிலைக் கோணம் (அதைவிடச் சாய்ந்து வரும் கதிர் வெளியேறாமல் உள்ளேயே எதிரொளித்துவிடும்) ஏறத்தாழ 34 பாகை. செரன்கோவ் கோணமான 56-ஐயும் இதையும் கூட்டினால் சரியாக 90. எனவே கிடைமட்டமாகச் செல்லும் பொழிவிலிருந்து மேலே எழும் கதிர், முழு அக எதிரொளிப்புக்கு உட்படும் விளிம்பிலேயே பனியின் மேற்பரப்பை அடைகிறது. கூம்பின் தடிமனும் மேற்பரப்பின் ஏற்ற இறக்கமும் பாதையின் சிறு சாய்வும் கைகொடுப்பதால் ஒரு பகுதி வெளியேறி, தொடுவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் பலூனை நோக்கிச் செல்கிறது.

பலூன் எப்படி வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது?

நிற்பதில்லை; சுற்றுகிறது. தென்கோடைக் காலத்தில் துருவத்தின் மேல் அடுக்குமண்டலக் காற்று கண்டத்தைச் சுற்றியே வீசுகிறது. அமெரிக்காவின் மக்மர்டோ ஆய்வு நிலையத்தின் அருகே, ராஸ் பனித்தட்டின் மேலுள்ள வில்லியம்ஸ் ஃபீல்டிலிருந்து டிசம்பரில் ஏவப்படும் பலூன், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கண்டத்தை வலம் வந்துவிடும். அப்போது சூரியன் மறைவதே இல்லை என்பதால் இரவில் வாயு குளிர்ந்து சுருங்கிப் பலூன் இறங்கும் சிக்கலும் எழாது. சூரியத் தகடுகள் இடைவிடாமல் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்.

பலூனின் தோல் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் படலம். காய்கறி வாங்கும் மெல்லிய பையைப் போன்ற அந்தப் படலம், உச்ச உயரத்தில் பத்து லட்சம் கன மீட்டர் அளவுக்கு விரிந்து, ஏறத்தாழ இரண்டு டன் கருவியைத் தாங்குகிறது. ஏவும்போது மேல்முனையில் மட்டும் ஒரு சிறு குமிழாக ஹீலியம் இருக்கும். மீதிப் படலம் கயிறுபோலத் தொங்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, அதே ஹீலியம் முழுப் பலூனையும் நிரப்புகிறது. பயணம் முடியும்போது கருவி பலூனிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பாராசூட்டில் பனிமேல் இறங்கும். முழுத் தரவும் அதிலுள்ள வன்தட்டுகளில்தான் இருப்பதால், யாராவது அங்கே போய் அவற்றை எடுத்து வர வேண்டும்.

கருவியில் என்னென்ன இருக்கின்றன?

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கோர்ஹாம் தலைமையில் உருவான அனிடா என்ற கருவியே இந்தப் பலூன் தேடலின் மூத்த பிள்ளை. அது நான்கு முறை பறந்தது: 2006 டிசம்பர், 2008 டிசம்பர், 2014 டிசம்பர், 2016 டிசம்பர். முதல் முறை 32 கொம்பு வடிவ ஆன்டெனாக்கள், இரண்டாம் முறை 40, பின்னிரண்டில் 48. ஒவ்வொன்றும் 200 முதல் 1,200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை, மின்புலம் செங்குத்தாக அதிரும் கூறு தனியாகவும் கிடைமட்டமாக அதிரும் கூறு தனியாகவும் வாங்கிக்கொள்ளும். வளையங்களாக அடுக்கப்பட்ட இந்த ஆன்டெனாக்கள் நாற்புறமும் சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தபடி இருக்கும்.

துடிப்பு வந்ததும் ஒவ்வொரு தடத்திலும் ஏறத்தாழ 100 நானோ வினாடி நீளமுள்ள அலைவடிவம், வினாடிக்கு 260 கோடி மாதிரிகள் என்ற வேகத்தில் எடுக்கப்படுகிறது. மின்சாரம் அரிதான இடத்தில் இந்த வேகத்தைச் சாதிக்க, மாதிரிகளை முதலில் நுண்ணிய மின்தேக்கிகளின் வரிசையில் பிடித்து வைத்துப் பிறகு நிதானமாகப் படிக்கும் தனிச் சில்லுகளை உருவாக்கினார்கள். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே அலை வந்துசேரும் நேர வேறுபாடு அதிகபட்சம் 3.3 நானோ வினாடிதான். இந்த வேறுபாடு நானோ வினாடியின் நூற்றில் சில பங்கு துல்லியத்தில் அளக்கப்படுவதால், துடிப்பு பனியின் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதை ஒரு பாகைக்கும் குறைந்த பிழையோடு சொல்ல முடிகிறது.

பதிவாவதில் எது நியூட்ரினோ என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுவே. முதல் பறத்தலில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. பிந்தியவற்றில் பல கோடி. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெப்ப இரைச்சல். சுழியத்துக்குக் கீழ் பல பாகை குளிர்ந்திருந்தாலும் பனிக்கு வெப்பம் உண்டு. அதுவே ஒரு ரேடியோ முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரைச்சலைக் கழிப்பது ஒப்பளவில் எளிது. உண்மையான துடிப்பு ஒரு திசையிலிருந்து வரும் தள அலை என்பதால், எல்லா ஆன்டெனாக்களின் அலைவடிவங்களையும் உரிய நேரத் தள்ளலோடு கூட்டினால் அது ஓங்கி நிற்கும். இரைச்சல் அப்படி ஒத்துவராது.

உண்மைச் சிக்கல் மனிதர்கள்தான். ஆய்வு நிலையங்கள், விமானங்கள், களமுகாம்கள் ஆகியவை உண்டாக்கும் மின்பொறிகள் சில வேளை நியூட்ரினோத் துடிப்பை அச்சாக ஒத்திருக்கும். வடிவத்தால் பிரிக்க முடியாதவற்றை இடத்தால் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பையும் பனிப்பரப்பின் வரைபடத்தில் குறித்து, தெரிந்த முகாமின் அருகே விழுவதையும், ஒரே இடத்தில் இரண்டு மூன்றாகக் கூடி நிற்பதையும் தள்ளிவிடுகிறார்கள். மனித நடமாட்டம் ஓரிடத்தில் இருந்தால் ஒருமுறை மட்டும் ஒலித்து ஓயாது. நியூட்ரினோ அதே இடத்தில் இரண்டாம் முறை மோதவும் வாய்ப்பில்லை. வரைபடத்தில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியே ஆய்வுக்கு உரியது. எந்த அளவுகோலால் கழிப்பது என்பதையும், கழித்த பின்னும் பொய்யாக எத்தனை மிஞ்சக்கூடும் என்பதையும் தேடும் பகுதியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பது இவர்களின் நடைமுறை. கண்டதற்கேற்ப அளவுகோலை வளைக்கும் ஆசை எவருக்கும் வரும் என்பதால் அந்த ஒழுங்கு மிக அவசியம்.

மூன்றாம் பறத்தலில் செயற்கைக்கோள்களின் தொடர் ஒலிபரப்பு கருவியைப் பெரிதும் தொந்தரவு செய்தது. எனவே நான்காம் பறத்தலில், குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் வெட்டிவிடக்கூடிய, பறக்கும்போதே மாற்றியமைக்கத்தக்க வடிப்பான்கள் சேர்க்கப்பட்டன.

காஸ்மிக் கதிர்களும் ரேடியோத் துடிப்பை உண்டாக்குமே, அவற்றை எப்படி வேறுபடுத்துகிறார்கள்?

மின்புலம் அதிரும் திசையைக் கொண்டு. பனிக்குள்ளிருந்து கூம்பின் மேற்பகுதி வழியாக வெளியேறும் நியூட்ரினோத் துடிப்பு பெரும்பாலும் செங்குத்தாக அதிரும். காற்றில் காஸ்மிக் கதிர் உண்டாக்கும் பொழிவிலோ, பூமியின் காந்தப்புலம் எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் எதிரெதிர்ப் பக்கம் பிரித்து இழுப்பதால் அலை பிறக்கிறது. அண்டார்டிகாவில் காந்தப்புலம் ஏறத்தாழச் செங்குத்தாக இருப்பதால் அந்த அலை கிடைமட்டமாக அதிரும்.

இதில் ஒரு வரலாறு உண்டு. முதல் பறத்தலின் தரவில் கிடைமட்டமாக அதிரும் 16 துடிப்புகள் இருந்தன. அவை அதியுயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்களிடமிருந்து வந்தவை என்பது 2010-இல் வெளியிடப்பட்டது. ஆனால் அவற்றின் மதிப்பு புரிவதற்கு முன்பே இரண்டாம் பறத்தலின் வடிவமைப்பு முடிந்துவிட்டிருந்தது. அதில் செங்குத்துத் துடிப்புகளுக்கு மட்டுமே பதிவைத் தொடங்கும்படி அமைத்திருந்ததால், காஸ்மிக் கதிர்கள் மிகச் சிலவே சிக்கின. மூன்றாம் பறத்தலில் இரு திசைகளும் மீண்டும் சேர்க்கப்பட்டன.

நியூட்ரினோ கிடைத்ததா?

உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. எடுத்துக்காட்டாக, மூன்றாம் பறத்தலில் ஒரு நிகழ்வு எஞ்சியது. பின்னணியால் எதிர்பார்க்கப்பட்டதோ ஏறத்தாழ 0.7. நான்காம் பறத்தலிலும் ஒன்று எஞ்ச, எதிர்பார்ப்பு 0.64 ஆக இருந்தது. இவற்றைக் கண்டுபிடிப்பு என்று எவரும் சொல்ல முடியாது. அனிடா குழுவினரும் சொல்லவில்லை.

அப்படியானால் இத்தனை உழைப்பும் வீணா?

இல்லை. கருவியின் உணர்திறன் துல்லியமாகத் தெரிந்திருக்கும்போது, ‘எதுவும் வரவில்லை’ என்பது ஓர் அளவீடு. பனியின் மேல் வைத்த செலுத்திகளும், பின்னிரண்டு பறத்தல்களில் கூடவே அனுப்பப்பட்ட சிறு பலூனில் இருந்த துடிப்புக் கருவியும் அந்த உணர்திறனைத் தொடர்ந்து சரிபார்த்தன. இத்தனை நியூட்ரினோக்கள் வந்திருந்தால் இத்தனை நிகழ்வுகளைப் பார்த்திருப்போம், பார்க்கவில்லை, எனவே வரத்து இன்ன எல்லைக்குக் கீழ்தான் இருக்க முடியும். 3 × 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அந்த எல்லையை மிகக் கடுமையாக வரையறுத்தது அனிடாதான். நியூட்ரினோக்கள் கொட்டும் என்று கணித்த பல மாதிரிகள் இதனால் கைவிடப்பட்டன.

குறைந்த வரத்துக்கும் ஒரு பொருள் உண்டு. மிக உயர்ந்த ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் எல்லாம் புரோட்டான்களாக இருந்தால் நியூட்ரினோக்கள் மிகுதியாகப் பிறக்கும். கனமான அணுக்கருக்களாக இருந்தால் குறையும். ஆற்றல் ஏற ஏற அணுக்கருக்களின் பங்கு கூடுகிறது என்பதையே அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரில் பரந்துள்ள பியர் ஓஜே ஆய்வகத்தின் அளவீடுகளும் காட்டுகின்றன. வெறுமையாக வந்த பதிவு நாடா காஸ்மிக் கதிர்கள் எதனால் ஆனவை என்பதைப் பற்றிப் பேசுகிறது.

இணைப் பிரபஞ்சத்தை அனிடா கண்டுபிடித்துவிட்டது என்று படித்தேனே?

அப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020-இல் பரவிய அந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் இருந்தது வேறொரு செய்தி. அது உண்மையிலேயே சுவையானது.

கீழ்நோக்கி வரும் காஸ்மிக் கதிரின் ரேடியோத் துடிப்பு பனியில் எதிரொளித்து மேலே பலூனை எட்டும்போது, அலைவடிவம் தலைகீழாகிவிடும்: முதலில் ஏற வேண்டியது இறங்கும். முதல் பறத்தலிலும் மூன்றாம் பறத்தலிலும் ஒவ்வொன்றாக இரண்டு துடிப்புகள், கிடைமட்டத்துக்கு முறையே ஏறத்தாழ 27 பாகையும் 35 பாகையும் கீழே இருந்து வந்தும் தலைகீழாகவில்லை. அதாவது, அவை எதிரொளிக்காமல் நேராகத் தரையிலிருந்து மேல்நோக்கி எழுந்த பொழிவுகளைப் போலத் தோன்றின. நியூட்ரினோ வகைகளில் ஒன்றான டௌ நியூட்ரினோ தரைக்குள் மோதி டௌ என்னும் துகளை உண்டாக்கி, அது வெளியே வந்து காற்றில் சிதைந்தால் இப்படி நடக்கும். 10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட் டௌ சிதைவதற்குள் சராசரியாக 50 கிலோமீட்டர் ஓடும் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோணங்களில் வர, நியூட்ரினோ பூமிக்குள் ஏறத்தாழ 5,700 கிலோமீட்டரும் 7,200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டரில் நின்றுவிடும் துகளுக்கு இது கூடுமானதல்ல.

வானில் அதே திசைகளிலிருந்து வந்த நியூட்ரினோக்களை ஐஸ்கியூப் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. மேல்நோக்கி எழும் பொழிவுகளை ஓஜே ஆய்வகம் தன் பல ஆண்டுத் தரவில் தேடியது. அனிடாவின் நிகழ்வுகளை அப்படி விளக்குவதற்கு அதன் முடிவு இடம் தரவில்லை. பனிக்குள் புதைந்துள்ள அடுக்குகளில் எதிரொளித்தால் அலை தலைகீழாகாமல் திரும்பக்கூடும் என்றும், காற்றிலிருந்து பனிக்குள் புகும் பொழிவின் மிச்சம் தனியாக ஒரு துடிப்பை உண்டாக்கக்கூடும் என்றும் விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எதுவும் இன்னும் முடிந்த முடிவாக ஏற்கப்படவில்லை. விளங்காத இரண்டு துடிப்புகளை விளங்கவில்லை என்றே வெளியிட்ட குழுவினரின் நேர்மை, பரபரப்புத் தலைப்புகளின் இரைச்சலில் அடிபட்டுப் போனது என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

அடுத்தது என்ன?

அனிடாவின் வழித்தோன்றலாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் புவேயோ என்ற கருவி வடிவமைக்கப்பட்டது. நாசாவின் சிறு திட்டங்களுக்கான வரிசையில் அது 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹவாய் மொழியில் அப்பெயர் ஓர் ஆந்தையைக் குறிக்கும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கை பெருகியது ஒருபுறம் இருக்க, பதிவைத் தொடங்கும் முறைதான் பெரிய மாற்றம். அனிடாவில் ஒவ்வோர் ஆன்டெனாவும் தனித்தனியே தன் இரைச்சலைத் தாண்டிய ஒன்றைக் கேட்டாக வேண்டும். புவேயோவில் பல ஆன்டெனாக்களின் குறிகைகள் உரிய நேரத் தள்ளலோடு உடனுக்குடன் கூட்டப்பட்ட பிறகே முடிவெடுக்கப்படும். குறிகை ஒத்துச் சேரும், இரைச்சல் சேராது. எனவே முன்பு தவறவிடப்பட்ட மெலிந்த துடிப்புகளும் பிடிபடும். 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்கும் தனி ஆன்டெனா அமைப்பும் அதில் உண்டு. டௌ நியூட்ரினோக்களால் காற்றில் எழும் பொழிவுகளுக்கு அது உதவும்.

பனிக்குள்ளேயே ரேடியோ ஆன்டெனாக்களைப் புதைக்கும் முயற்சிகள் இல்லையா?

உண்டு. தென்துருவத்தில் அஸ்கார்யான் ரேடியோ அணி, ராஸ் பனித்தட்டில் அரியானா, கிரீன்லாந்தின் பனியுச்சியில் 2021 முதல் கட்டப்பட்டுவரும் மற்றொரு அணி ஆகியவை அவ்வகையின. அவை ஆண்டுதோறும் பல மாதங்கள் காத்திருக்கும். அருகிலிருந்து கேட்பதால் குறைந்த ஆற்றலிலும் உணரும். பலூனோ ஒரு மாத அளவே பறந்தாலும் மிகப் பெரிய பரப்பைப் பார்ப்பதால் மிக உயர்ந்த ஆற்றலில் முந்துகிறது. இரண்டும் வேண்டும்.

ஐஸ்கியூபும் அனிடாவும் விட்ட இடைவெளியில் ஏதாவது கண்டிருக்கிறார்களா?

மத்தியதரைக் கடலின் அடியில் கட்டப்பட்டுவரும் கேஎம்3நெட் ஒளி உணர்கருவி, 2023 பிப்ரவரி 13 அன்று ஒரு நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. 2025-இல் வெளியான ஆய்வு அதன் ஆற்றலை ஏறத்தாழ 2.2 × 10¹⁷ எலெக்ட்ரான் வோல்ட் என்று மதிப்பிட்டது. அதுவரை பதிவான எல்லா நியூட்ரினோக்களையும்விட அது மிக உயர்ந்தது. பலூன்கள் கூர்மையாகக் கேட்கும் ஆற்றல் எல்லை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

என்றாவது ஒரே ஒரு நல்ல துடிப்பு கிடைத்தால், அதை நம்பலாமா?

தனித்த ஒன்றை வைத்து அறிவிக்கத் துணியமாட்டார்கள். ஆனால் ஒரே துடிப்பிலும் சரிபார்க்க நிறைய இருக்கிறது. அது செங்குத்தாக அதிர்கிறதா, தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே தடித்த பனியிலிருந்து எழுந்ததா, அகன்ற அதிர்வெண் பட்டையில் எல்லா அலைகளும் ஒன்றாக வந்தனவா, அந்த வாரம் முழுவதும் அந்த இடத்திலிருந்து வேறெதுவும் கேட்கவில்லையா, பல நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மனிதர் எவரும் இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு அடுத்த டிசம்பருக்காகக் கருவியைப் பழுதுபார்க்கத் தொடங்குவார்கள்.